எண்பது ஆம்பியர்

தம்பி, அந்தப் பொட்டியைக் கீழ வெக்காதீங்க. பெருமாநல்லூர் தாண்டுனா ரோடு ஒரே குலுக்கல். மடியிலயே வெச்சுக்குங்க. கம்ப்யூட்டருங்களா? மேல இருக்கற படத்தைப் பாத்தாலே தெரியுது. ஒரு பக்கம் கண்ணாடி வெச்சு, உள்ள செவப்பும் நீலமுமா லைட் எரியுமே, அதுதானுங்களே? கேம் ஆடறது.

பிராசசர் மாத்தி எடுத்துட்டுப் போறீங்களா? அப்பச் சரி. மாத்துனது நல்லதுங்க. பழசையே வேகம் ஏத்தி ஓட்டறனுட்டு போகாம இருந்தீங்களே.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்க. நான் எலக்ட்ரீசியன். எலக்ட்ரீசியனா இருந்தவன். இப்ப நூல் குடோன்ல ஸ்டோர் பாத்துக்கறேன். ஆனா இந்த ஓவர்கிளாக்கா, புதுசாங்கற பேச்சு இருக்குது பாருங்க, போன கோடையில எங்க வீட்டுல ரெண்டு மாசம் அதுதான் பேச்சு.

ஆடறது நானில்லீங்க, என்ற சம்சாரம். தமயந்தி. சிரிக்காதீங்க தம்பி, நாப்பத்தொரு வயசு. பனியன் கம்பெனியில பேட்டர்ன் மாஸ்டர். துணியை எந்த அளவுல வெட்டோணும்னு கம்ப்யூட்டர்ல வரையற வேலை. அந்த வேலையை வீட்டுலயும் பாக்கறதுக்குன்னு ஒம்பது வருசத்துக்கு முந்தி நல்ல மிசினா வாங்குனா. அதுல எப்படியோ கேமுக்குள்ள போயிட்டா. துப்பாக்கி வெச்சுக்கிட்டு அஞ்சு பேரு ஒரு பக்கம், அஞ்சு பேரு ஒரு பக்கம். இவ டீமுல அஞ்சும் பொம்பளைங்க. ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி மலேசியா. மூஞ்சி பாத்ததில்ல, குரல்தான். இவதான் கேப்டன். வீட்டுல "ஏனுங்க, சோறு போடட்டுங்களா"ன்னு கேக்கற அதே வாய்தான், ஹெட்போனை மாட்டுனா, "லெப்ட்ல நிக்கறான், அடி"ங்கும். எனக்கு முதுகு சில்லுனு ஆயிரும்.

பங்குனி மாசம் அந்தக் கேம்ல என்னமோ புதுசு பண்ணி உட்டானுங்க. அன்னையிலிருந்து இவ மிசின் திக்க ஆரம்பிச்சிருச்சு. இவ சுடறதுக்குள்ள எதிராளி சுட்டுப் போடறான். மூணு வாரத்துல போட்டி வருது. ஜெயிச்சா மெட்ராஸ்ல மேடையில ஆடலாம்.

ஒரு நா சாப்பிடறப்பச் சொன்னா. "ஏனுங்க, ரெண்டு வழி இருக்குதுங்க. இருக்கற பிராசசரையே வேகம் ஏத்தலாம். இல்லைன்னா புதுசு போடலாம்."

"புதுசு போட்டுரு அம்மிணி."

"பிராசசரை மட்டும் மாத்த முடியாதுங்க. இது ஒக்கார்ற குழி பழசு. புதுசுக்குக் குழி வேற. போர்டு மாத்தோணும், மெமரி மாத்தோணும். எல்லாம் மாத்தி, ஒன்னு ஒத்துக்காமப் போச்சுன்னா போட்டியே போயிரும். இது கை பழகுன மிசின். வேகம் ஏத்துனா இந்த மூணு வாரம் தாங்கும்."

நான் கேட்டேன், "வேகம் ஏத்தறதுன்னா வோல்டேஜ் ஏத்துவியா?"

"கொஞ்சம்."

"இப்ப எத்தனை வோல்ட்டு?"

"ஒன்னே கால்."

சிரிச்சுட்டனுங்க. டார்ச்சு பேட்டரியே ஒன்னரை வோல்ட்டு. இதுக்கா இத்தனை பேச்சு? ஆனா பழக்கதோசம் உடுமா? "எத்தனை வாட்டு இழுக்குது?"ன்னு கேட்டுப்போட்டேன். "முழுசா ஓடுனா நூறுன்னு வெச்சுக்குங்க"ன்னா.

நூறை ஒன்னே காலால வகுத்துப் பாருங்க தம்பி. எம்பது. எம்பது ஆம்பியர்! கையில எடுத்த சோத்தைத் தட்டுலயே போட்டுட்டேன். எம்பது ஆம்பியர்னா, கம்பெனியில என்ற கட்டவெரல் தண்டிக்குக் கேபிள் இழுப்போம். அந்தக் கரண்ட்டு, தபால் தலை சைசுல ஒரு சில்லுக்குள்ள ஓடுது. எங்க வீட்டுல. துணி பீரோவுக்குப் பக்கத்துல. அதுக்கு மேலயும் ஏத்தோணுமாம்.

"வேண்டாம்"னேன். "ஏனுங்க?"ன்னா. "அது... கெட்டுப் போயிரும், பழைய மிசினு"ன்னேன். பயமில்லீங்க. முன்ஜாக்கிரதை. கரண்ட்டுல இருவது வருசம் வேலை பாத்தவனுக்கு அது இருக்கோணுமில்லீங்களா?

அவ கேக்கலை. ஒரு ஞாயித்துக்கெழமை காலையில ஏத்திட்டா. நான் வாசப்படியிலயே நின்னு பாத்தேன். மிசின் ஆன் ஆகறப்ப டிலீட் பட்டனை அமுக்குனா ஒரு பக்கம் தொறக்குது. பயாஸ்ங்கறா. அதுல நம்பர் மாத்துனா. வெளிய வந்து கேமைப் போட்டா. ஸ்க்ரீன் மூலையில சின்னதா சூடு எத்தனைன்னு காட்டுது. எழுவத்தெட்டு. "பாத்தீங்களா, வெண்ணெய் மாதிரி போகுது"ன்னு திரும்பிச் சிரிச்சா. நான் அவ மூஞ்சியைப் பாக்கலைங்க. மூலையில இருக்கற நம்பரைத்தான் பாத்தேன்.

அப்பறம் அந்த நம்பர்தான் என்ற பொழப்பு. அவ ஆடறப்பெல்லாம் ஏதாச்சும் சாக்கு வெச்சுக்கிட்டு ரூமுக்குள்ள போவேன். தண்ணி வேணுமா, டீ வேணுமா. போயி நம்பரைப் பாப்பேன். கேபினெட்டு மேல கையை வெச்சுப் பாப்பேன். மோட்டார் காயில் சூடாகறப்ப வார்னிஷ் வாசம் வரும், அந்த வாசம் வருதான்னு மோந்து பாப்பேன். ஒரு வாளி மணல் கொண்டாந்து ரூமு வாசல்ல வெச்சேன். "எதுக்குங்க?"ன்னா. "பூனை வருது"ன்னு சொன்னேன். எங்க வீதியில பூனையே கிடையாது.

எனக்குக் குடோன்ல ரெண்டு மணிக்கு வேலை முடிஞ்சிரும். அவ வர ஆறரை ஆகும். இதை அவகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல, உங்ககிட்டச் சொல்றேன். ஒரு நா மத்தியானம் நானே மிசினை ஆன் பண்ணி, டிலீட்டை அமுக்கி, எல்லாத்தையும் பழையபடி ஆக்கற இடம் ஒன்னு இருக்குது, அதைக் கண்டுபுடிச்சு அமுக்கி உட்டுட்டேன். முடிச்சப்பறம்தான் மூச்சே வந்துச்சு. அன்னைக்கு நிம்மதியாச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அவ ஒக்காந்தா மறுபடி திக்குது. போய்ப் பாத்தா போட்ட நம்பரெல்லாம் காணோம். "போர்டுல இருக்கற பேட்டரி போயிருச்சாட்ட இருக்குது"ன்னுட்டு, மறுநா ஒரு வாட்ச்சு பேட்டரி வாங்கியாந்து மாத்துனா. மறுபடி ஏத்துனா. நான் மறுபடி எறக்குனேன். இப்ப அவளுக்குச் சந்தேகம். "வோல்டேஜ் பத்தாம அதுவா பழசுக்குப் போயிருதுங்க. இன்னும் கொஞ்சம் குடுத்துப் பாக்கறேன்." கொஞ்சம் குடுத்தா. சூடு எம்பத்தாறு. நான் எறக்குனேன். அவ இன்னும் கொஞ்சம் குடுத்தா. தொண்ணூத்தி மூணு.

என்னத்தைச் சொல்றது தம்பி. நான் எத்தனை தடவை எறக்குனாலும் அது மேலதான் போச்சு. இந்த மிசினுக்கே என்னமோ ஆயிருச்சு, இது எங்க வீட்டைக் கொளுத்தாம உடாதுன்னு எனக்குத் தோணிப் போச்சு.

அப்பறம் ஒரு நா மத்தியானம் டிலீட்டை அமுக்கறேன், பாஸ்வேர்டு கேக்குது. இத்தனை நா இல்லாத பாஸ்வேர்டு. யாருக்குப் பயந்து போட்டாளோ. கம்ப்யூட்டருக்குள்ள பூந்து திருடறவனுங்க இருக்கறானுங்கன்னு நியூஸ்ல வருதில்லீங்களா, அதுக்குன்னு நெனைக்கறேன். அன்னைக்குச் சாயங்காலம் சாப்பாடு போடறப்ப என்னையவே பாத்துட்டு இருந்தா. "உங்களுக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"ன்னு கேட்டா. "எனக்கென்ன"ன்னேன். "எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லலாமுங்க"ன்னா. "சொல்றதுக்கு என்ன இருக்குது"ன்னேன். அதுக்கப்பறம் சூடும் எம்பத்திச் சொச்சத்துலயே நின்னுருச்சு. ஏன் கொறைஞ்சுதுன்னு எனக்குத் தெரியலை. ஜன்னலுக்கு நான் ஈரத்துணி கட்டி உட்டிருந்தேன், அதனால இருக்கும்.

போட்டி ஞாயித்துக்கெழமை மூணு மணிக்கு. சித்தரை வெயிலு, வீட்டுக்குள்ளயே அனலு. அவ குளிச்சு, தலை பின்னி, ஏதோ கல்யாணத்துக்குப் போறவ மாதிரி ஒக்காந்தா. "இன்னைக்கு மட்டும் உள்ள வராதீங்க. ஒரு மணி நேரம்"னா. கதவைச் சாத்திக்கிட்டா.

கதவைச் சாத்துனா நம்பர் தெரியாதில்லீங்களா?

நான் ரூமுக்கு வெளிய ஆசாரத்துல ஒக்காந்தேன். ஒக்கார முடியலை, எந்திரிச்சேன். மிசின் ஃபேன் சத்தம் கதவைத் தாண்டிக் கேக்குது. உய்யுனு. ஏறுது, எறங்குது. எறங்குனா ஏன் எறங்குது, ஃபேன் நின்னு போச்சாங்கற பயம். ஏறுனா ஏன் ஏறுதுங்கற பயம். ஆமாங்க, பயந்தானுங்க. உங்ககிட்ட எதுக்கு மறைக்கோணும். சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. உள்ள அவ குரலு: "பொறு, பொறு. நான் சொல்றப்பப் போ."

அப்பத்தான் வாசம் வந்துச்சு.

பிளாஸ்டிக் தீயற வாசம். நல்லாத் தெரியுமுங்க எனக்கு அந்த வாசம். "தமயந்தி"ன்னு கத்தலாமுன்னு வாயைத் தொறக்கறேன், சத்தம் வரலை. கதவைத் தட்டலாமுன்னா கை போகலை. ஆனா காலு போச்சு. எப்படிப் போச்சுன்னு தெரியாது. மெயினுக்கு முன்னாடி நிக்கறேன். லீவரை ரெண்டு கையிலயும் புடிச்சுக் கீழ இழுத்துட்டேன்.

வீடே அடங்கிருச்சு. ஃபேன், பிரிட்ஜு, எல்லாம். யுபிஎஸ் பேட்டரி எப்பவோ செத்தது, மிசினும் அந்த நொடியே நின்னிருக்கும். உள்ள இருந்து ஒரு சத்தமும் இல்ல.

கதவைத் தொறந்து வந்தா. ரூமுல பொகை இல்ல, ஒன்னும் இல்ல. பக்கத்து வீட்டு மல்லிகாக்கா ஜன்னல் வழியா யாரையோ திட்டிட்டு இருக்குது. பாலியஸ்டர் சீலையை அயர்ன் பாக்ஸுல தீய உட்டுருச்சாம். அந்த வாசந்தான். என்ற வீட்டுல ஒன்னுமே ஆகலைங்க. கடைசியா அவ பாத்தப்பச் சூடு எம்பத்தொன்னுதான் இருந்துச்சாம்.

அவ போன் அடிக்குது. மட்டக்களப்புப் பொண்ணு. "அக்கா, என்ன நடந்தது? நாங்க நாலு பேர்தான் நிக்கிறம்." போன் சத்தம் எனக்கே கேட்டுச்சு. தமயந்தி என்னையப் பாத்துக்கிட்டே சொன்னா, "கரண்ட்டு போயிருச்சு கண்ணு. நீங்க ஆடுங்க." நாலு பேரு ஆடி என்ன பண்ண முடியும்? தோத்துப் போச்சு. 

திட்டுவான்னு நெனைச்சேன். கிட்ட வந்து, "ஏனுங்க, கையை எடுங்க"ன்னா. எடுக்க முடியலைங்க. லீவரைப் புடிச்ச கை அப்படியே இருக்குது. அவ ஒவ்வொரு வெரலாப் பிரிச்சு எடுத்தா. அப்ப எனக்கே தெரியாம வாய் சொல்லுது: "நாச்சிமுத்து, ஆஃப் பண்ணிட்டண்டா. ஆஃப் பண்ணிட்டேன்."

அவ வெரலு நின்னு போச்சு.

நாச்சிமுத்துன்னு எங்கூட வேலை பாத்தவனுங்க. ஆறு வருசம் ஆச்சு. சாயப்பட்டறையில கரண்ட்டுப் பேனலைத் தொறந்து வேலை பாத்துட்டு இருந்தப்ப வெடிச்சிருச்சு. மூணு நா ஆஸ்பத்திரியில கெடந்து போயிட்டான். நான் அப்ப டீ குடிக்கப் போயிருந்தேன். அப்படித்தான் விசாரணையில சொன்னேன். தமயந்திகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்.

"நீங்க டீக்கடையிலதானுங்களே இருந்தீங்க?"ன்னு கேட்டா.

நான் தரையில ஒக்காந்துட்டேன். 

நான் அங்கதான் இருந்தனுங்க தம்பி. பேனல்ல பொறி பறக்குது, மெயின் சுவிட்சுக்கும் எனக்கும் நாலே எட்டுத் தூரம். "சென்னியா, மெயினை அடி! மெயினை அடி!"ன்னு கத்தறான். ரெண்டு தடவை கத்துனான். நான் நின்னேன். காலு வரலை. சும்மா நின்னேன், கம்பம் மாதிரி. கம்ப்ரசர் ரூமுல இருந்து யாரோ ஓடியாந்து அடிச்சாங்க. அந்தப் பொகையில யாரு எங்க நின்னாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியலை. நான் வெளிய நடந்து போயி, டீக்கடையில நின்னு, ஒரு டீ சொல்லி, கையில வாங்கி வெச்சுக்கிட்டேன்.

அதை எல்லாம் அன்னைக்குத்தான் அவகிட்டச் சொன்னேன். ஃபேன் இல்லாம, இருட்டுக் கட்டற வரைக்கும் ஆசாரத்துல, ரெண்டு பேரும் தரையில ஒக்காந்து. மெயினை மறுபடி போடறதுக்கு ரெண்டு பேருக்குமே தோணலை. அவ முந்தானையில என்ற மூஞ்சியைத் தொடைச்சு உட்டா.

ஒரு வாரம் கழிச்சு அந்த மிசினோட பக்கத்துத் தகட்டைக் கழட்டிப் போட்டு என்னையக் கூப்பிட்டா. "புதுசே போடலாமுங்க. இதை இனி நான் ஓட்டப் போறதில்ல. ஆனா மாத்தறதுக்கு முந்தி நீங்க ஒன்னு பாக்கோணும்."

"என்ன?"

"இங்க நில்லுங்க. கையைக் குடுங்க."

ஒரு கையில என்ற கையைப் புடிச்சுக்கிட்டா. இன்னொரு கையில மிசினை முழு வேகத்துல ஓட உட்டு, பிராசசர் மேல இருக்கற ஃபேனோட ஒயரைப் புடுங்கிட்டா! "அடியே!"ன்னேன். என்ற கையை உடலை. "மெயின் கிட்டப் போகக்கூடாது. பாருங்க."

தொண்ணூறு. தொண்ணூத்தஞ்சு. தொண்ணூத்தெட்டு. நூறு. அங்க போனதும் வேகம் கொறையுது. நாங்க யாரும் தொடலை. "தானே கொறைச்சுக்குது, பாத்தீங்களா?"ன்னா. அப்பவும் சூடு உடலை. நூத்தி ரெண்டு, நூத்தி மூணு. என்ற கையை அவ எலும்பு நொறுங்கற மாதிரி புடிச்சிருக்கா. டொக்குனு ஒரு சத்தம். நின்னு போச்சு. ஸ்க்ரீன் கருப்பு. பொகை இல்ல, வாசம் இல்ல.

"ரொம்பச் சூடானா அதுவே ஆஃப் ஆயிக்கும். யாரும் ஓடிப் போக வேண்டியதில்ல"ன்னு சொன்னா.

யாரும் ஓடிப் போக வேண்டியதில்ல. நான் அழுதுட்டனுங்க தம்பி. நாச்சிமுத்து செத்தன்னைக்குக் கூட அழுகலை. இத்தனூண்டு சில்லுக்குத் தன்னைக் காப்பாத்திக்கத் தெரிஞ்சிருக்குது. அந்தப் பேனலுக்குத் தெரியலை, நாந்தான் அங்க இருந்தேன்.

புது பிராசசரை என்ற கையாலதான் குழியில வெச்சேன். அவதான் வெக்கச் சொன்னா. போட்டு முடிச்சப்பறம் கேக்கறா, "இதுக்குப் பாஸ்வேர்டு போடறதா, வேண்டாமுங்களா?" அதை ஏன் எங்கிட்டக் கேக்கறான்னு தெரியலை. "உன்னிஷ்டம்"னேன். சிரிச்சுட்டுப் போடாம உட்டுட்டா. அஞ்சு பேரும் மறுபடி ஆடறாங்க. அடுத்த போட்டி ஐப்பசியில.

நாச்சிமுத்து சம்சாரம் ருக்குமணி. குன்னத்தூர்ல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால வீதியில இருக்குது. வருசா வருசம் பொங்கலுக்குப் போன் பண்ணும். "அண்ணா, நீங்க மட்டும் அன்னைக்கு டீ குடிக்கப் போகாம இருந்திருந்தா, அவரு இருந்திருப்பாருங்கண்ணா"ங்கும். ஆறு வருசமாச் சொல்லுது. நானும் "ஆமாம்மா"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கறேன்.

தமயந்தி ஒரே ஒரு தடவைதான் சொன்னா. "அந்தக்காகிட்ட நீங்க சொல்லோணுமுங்க." அப்பறம் அந்தப் பேச்சே எடுக்கலை.

இந்தப் பஸ்ஸுல ரெண்டு தடவை வந்துட்டனுங்க. ரெண்டு தடவையும் குன்னத்தூர் ஸ்டாண்டுல பஸ் நிக்கும், ஆளு எறங்கும், ஏறும், நான் சீட்டுக் கம்பியைப் புடிச்சுட்டு ஒக்காந்திருப்பேன். கோபி வரைக்கும் போயி, அங்க ஒரு பன்னு தின்னுட்டு, திரும்பி வந்துருவேன். தமயந்தி கேக்க மாட்டா. என்ற மூஞ்சியைப் பாத்தாலே அவளுக்குத் தெரிஞ்சிரும்.

இன்னைக்கு ருக்குமணிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன், வர்றேம்மான்னு. சமைச்சு வெக்கறேன்னு சொல்லிருச்சு. சமைச்சு வெச்சிருக்கும் தம்பி, நாச்சிமுத்துக்குப் புடிச்சதையே. அதைச் சாப்பிடறதுக்கு முந்தியே சொல்லிரோணும். சாப்பிட்டப்பறம் சொன்னா அது பாவம்.

எந்த ஊருங்க இது? விசில் அடிச்சுட்டாங்களா? குன்னத்தூர்தானுங்களே?

என்ற காலைப் பாருங்க, எப்படி ஆடுதுன்னு. 

தம்பி, ஒரு ஒதவி பண்ணுங்க. கண்டக்டர்கிட்டச் சத்தமாச் சொல்லுங்க, எனக்குச் சத்தம் வரலை. ஒரு ஆளு எறங்கோணும்னு சொல்லுங்க.